படம் என்று எழுதியிருந்தது

என் மனைவி இறந்த மறு வருஷம் எங்கள் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எண்பதுகளின் பிற்பகுதி அது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரியைத் தாண்டி உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம். நான் அங்கே பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமை எழுத்தர். வயது ஐம்பத்து மூன்று. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் ஒரு ரேடியோவும்தான். ரேடியோ பேசும், நான் அதைத் திட்டுவேன். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். இது என்ன பெரிய ஆசை, படத்தை எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். படம் இருந்தால்தானே ஐயா!

கல்யாணப் படம் ஒன்று இருந்தது. பழைய பலகை வீட்டில் இருந்தபோது கரையான் அதைத் தின்று தீர்த்தது. என் பாதி மீசையும் அவள் புடவையின் ஓரமும்தான் மிஞ்சின. அதற்குப் பிறகு அவள் எந்தக் கேமராவுக்கும் நின்றதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், "என் மூஞ்சிய எதுக்குய்யா புடிக்கிற? அந்தா மாடு நிக்குது பாரு, அதப் புடி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஊரார் வீட்டு ஆல்பங்களில் அவளுடைய முதுகு இருக்கிறது, கொண்டை இருக்கிறது, ஒரு படத்தில் சாம்பார் வாளி பிடித்த கை இருக்கிறது. முகம் எங்கும் இல்லை.

அடையாள அட்டையில் இருந்தது. அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாவைப் பதிவு செய்யப் போன இடத்தில் "ஐசி" என்றார்கள். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அதில் படம் இருந்தது நினைவுக்கு வந்தது. இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பப் போனேன். கொடுத்ததைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சட்டம் அப்படி. என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் படம் இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. கண்ணை மூடினால் வந்து நிற்பாள். ஒரு நாள் காலையில் முகச் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவளை நினைத்தேன். குரல் வந்தது. தரையைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் நடை வந்தது. முகம் வரவில்லை. பிளேடைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் முகம் ஒருவனுக்கு மறந்துபோகுமா? போகிறது. எனக்குப் பயமாக இருந்தது.

இன்னும் ஒரே ஒரு படம் உலகத்தில் இருந்தது என்பதுதான் என் நம்பிக்கை. அவள் சாவதற்கு எட்டு மாதத்துக்கு முன் கம்பெனி கை மாறியது. புதிய கம்பெனி எல்லாருக்கும் படம் போட்ட அட்டை தரப்போகிறோம் என்றது. சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்தார்கள். காலையில் ஆள் கூட்டிப் பெயர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டி, வரிசையாக நிற்க வைத்துப் பிடித்தார். என் மனைவி ஆயாக் கொட்டகையில் வேலை. பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் விட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். சம்பள ஆள் என்பதால் அவளும் நின்றே ஆக வேண்டும். மாட்டைக் காட்டித் தப்பிக்க முடியவில்லை.

ஆளுக்கு ஒரு படம் வந்தது. ஆளுக்கு ஒரு பாரம், அதாவது விவரம் எழுதிய படிவம். பசை தடவி எல்லாப் படத்தையும் ஒட்டியது நான்தான். அவள் படத்தையும் நான்தான் ஒட்டினேன். ஒரு நிமிஷம் நிறுத்தி அதைப் பார்த்தேனா? இல்லை. வீட்டுக்குப் போனால் ஆளே இருக்கிறாள், படத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? ஒட்டினேன், கட்டினேன், அலோர் ஸ்டாரில் இருந்த தலைமை ஆபீசுக்கு அனுப்பினேன். அட்டை வரவேயில்லை. அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் கம்ப்யூட்டர் வந்தது.

அதற்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! ஆபீசின் பின்பக்க ஸ்டோர் அறையைக் காலி செய்து, சன்னலை அடைத்து, ஏர்கான் போட்டார்கள். மேனேஜர் பங்களாவுக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தில் ஏர்கான் கண்டது அந்தப் பெட்டிதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசி ஆகாதாம். நான் கோயிலுக்குள் போவதுபோலப் போய், குளிரில் வெடவெடத்துக்கொண்டு உட்காருவேன்.

எனக்கு அந்த அறை பிடிக்கவில்லை. முப்பது வருஷமாக என் மேசை முன்பக்கச் சன்னலோரம் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "கிராணி, சாப்டாச்சா?" என்பார்கள். "உன் வீட்டுலயா வச்சிருக்க?" என்று எரிந்து விழுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தோட்டத்துக்கே தெரியும். ஆனாலும் கேட்பார்கள். அவள் போன பிறகு ஒரு நாளைக்கு நான் மனுஷரோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். ஏர்கான் அறைக்குள் போனதும் அதுவும் நின்றது. கதவில் உள்ளே வராதே என்று மலாயில் பலகை தொங்கியது. நாள் முழுக்கப் பெட்டி உறுமுவதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ரேடியோவைக் கேட்பேன்.

கம்ப்யூட்டரைப் பொருத்தி வைக்க வந்த ஆள் மலாய்க்காரர். மரியாதையானவர். திரையைத் தட்டிக் காட்டி, "செமுவா அடா டாலாம் இனி, பாக்சிக்" என்றார். எல்லாம் இதற்குள்ளே இருக்கிறது, மாமா. "நாங்கள் அனுப்பிய பாரமெல்லாம்?" என்று கேட்டேன். "செமுவா" என்றார் மறுபடியும். பாரம் உள்ளே இருக்கிறதென்றால் பாரத்தில் ஒட்டிய படமும் உள்ளேதானே இருக்க வேண்டும்? பெட்டியோ பார்க்க டிவி மாதிரியே இருக்கிறது. டிவியில் படம் வராமல் பின் என்ன வரும்?

அவரிடமே கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் கேட்கவில்லை. செத்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அந்நியரிடம் எப்படிக் கேட்பது?

பிறகு யாரையும் கேட்க முடியாதபடி ஒரு காரியம் செய்துவைத்தேன். ஆயுத பூஜை வந்தது. ஆபீசில் தராசு, டைப்ரைட்டர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். புதிதாக வந்ததை விடலாமா? அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். அத்தோடு விட்டேனா! பொத்தான் பலகையில் வரிசைக்கு மூன்றாகச் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். நான் கரைத்த சந்தனம் கொஞ்சம் தண்ணி. மறுநாள் எஸ் எழுத்தை அமுக்கினால் அது எழும்பவே இல்லை, திரை முழுக்க எஸ் எஸ் எஸ் என்று சீறிக்கொண்டு போனது. அலோர் ஸ்டாரிலிருந்து ஆள் வந்து பொத்தான்களைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். மேனேஜர் எல்லாரும் கேட்க, "இது சாமி இல்லை, சாமான்" என்று சத்தம் போட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் இந்தப் பெட்டியைப் பற்றி எவனிடமும் எதுவும் கேட்பதில்லை.

கேட்காமல் எப்படிச் சமாளித்தேன் என்றால், தொடத் தெரிந்ததை மட்டும் தொட்டேன். ஒருவர் பெயரைத் தட்டினால் அவருடைய விவரம் வரும். கீழே நான்கு எண்கள் இருக்கும், நான்கு மலாய்ச் சொற்கள். ஒன்று, தம்பா. அது தெரியும். கடையில் சோறு போதாவிட்டால் தம்பா என்றுதானே கேட்கிறோம்? புது ஆள் சேர்ப்பது. இரண்டு, பிந்தா. வீடு மாறிப் போவதைப் பிந்தா என்பார்கள், அதனால் அது லயத்து வீடு மாறுகிறவர்களுக்கு என்று நினைத்து அதன் பக்கமே போகவில்லை. விவரத்தைத் திருத்துவதற்கு அதுதான் வழி என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. நான்கு, சேத்தாக். அச்சடிப்பது. நாற்பது வருஷம் மலாய் பேசியிருக்கிறேன், ஆனால் அது பாசாரில் மீன் வாங்குகிற மலாய். நான் படித்தது தமிழும் கொஞ்சம் இங்கிலீசும்.

மூன்றாவதாக இருந்ததை முதல் நாளே பார்த்துவிட்டேன். பி, ஏ, டி, ஏ, எம். படம்.

சிரிக்காதீர்கள். சுங்கை பட்டாணி தியேட்டர் வாசலில் தமிழ்ப் படம் என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதே ஐந்து எழுத்து. நான் எத்தனை தடவை அந்தப் பலகையின் கீழே டிக்கெட்டுக்கு நின்றிருக்கிறேன்! மற்றதெல்லாம் மலாயாக இருக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் எப்படித் தமிழாக இருக்கும் என்று ஒரு சின்னப் பிள்ளைகூட யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை. யோசிக்க மனம் இல்லை. எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

பல வாரம் அதைத் தொடாமலே இருந்தேன். அவள் பெயரைத் தட்டுவேன். பெயர், பிறந்த தேதி, ஆயாக் கொட்டகை என்று வரும். அந்த மூன்று வரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மூடிவிடுவேன். படம் வந்தால் நான் அழுதுவிடுவேனோ என்று பயம். கதவைத் திறந்து யாராவது வந்துவிட்டால்?

ஒரு நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே நல்ல மழை. அவள் பெயரைத் தட்டினேன். மூன்றை அமுக்கினேன். "பாஸ்தி?" என்று கேட்டது. நிச்சயமா? கீழே ஒய், டி. ஆம், இல்லை. பரவாயில்லையே, இது நம் மனசை அறிந்து கேட்கிறதே என்று நினைத்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். தலையைக் கையால் படிய வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்க்கப்போகிற மாதிரி இருந்தது. ஒய்யை அமுக்கினேன்.

ஒரு வரி வந்தது. ரெக்கார்டு ஏதோ 'டிபடம்' ஆயிற்று என்று அதில் இருந்தது. சரி, படம் வந்துகொண்டிருக்கிறது என்று காத்திருந்தேன். பச்சை எழுத்து சிமிட்டிக்கொண்டே இருந்தது. சாப்பிடப் போகவில்லை. மழை விட்டது. படம் வரவில்லை.

எங்கள் ஆபீசில் டைப் அடிக்கும் அம்மா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். பாக்கார் ஆராங்கிலிருந்து தினமும் வருவார், கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகள் மலாய்ப் பள்ளியில் படித்ததால் மலாய் நன்றாகத் தெரியும். அவர் சாப்பிட்டுத் திரும்பியபோது, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏம்மா, இதுல படம் வர எவ்ளோ நேரம் ஆகும்?"

"எந்தப் படம் அண்ணே?"

"அதான், மூணாம் நம்பரு."

உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "ஐயோ மாதாவே! அண்ணே, இது படம் இல்லண்ணே. பாடாம். அழிக்கிறது. அழிக்கிற ரப்பருக்குப் பிள்ளைங்க பெமாடாம்னு சொல்லுதுங்க இல்ல? அது. யாரோட பேர அழிச்சீங்க?"

அவர் நான்கு தடவை பெயரைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். அப்படி ஒருவர் இல்லை என்றது. நாலாவது தடவை தட்டும்போது, அந்தப் பெயரைப் படித்து, யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மேல் இல்லை. ஒரு மனுஷியின் முன்னால் இப்படி முட்டாளாக உட்கார்ந்திருக்கிறேனே என்று என் மேல். "வேலையப் பாருங்க போங்க" என்று எரிந்து விழுந்தேன். போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் தலைமை ஆபீசுக்கு போன் போட்டேன். கம்ப்யூட்டர் பகுதியில் ஒரு மலாய்ப் பெண் எடுத்தாள். ஒரு பெயர் தவறி அழிந்துவிட்டது என்றேன். எந்தப் பெயர் என்று கேட்டு, எதையோ பார்த்துவிட்டு, சந்தோஷமாகச் சொன்னாள்: "பெத்துல்லா து, பாக்சிக்!" சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். இறந்துபோனவர்களின் பெயரையெல்லாம் எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தோம், எந்தத் தோட்டமும் இன்னும் செய்யவில்லை, நீங்கள்தான் முதலில் செய்திருக்கிறீர்கள்.

அந்த ரெக்கார்டில் படம் இருந்ததா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, நல்ல சிரிப்புதான். கம்ப்யூட்டரில் ஏது பாக்சிக் படம், எழுத்து மட்டும்தான் என்றாள். அப்படியானால் படம் ஒட்டிய பாரங்கள்? தட்டி முடித்ததும் எரித்துவிட்டோம், வைக்க இடம் இல்லை என்றாள். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். நான் செய்த வேலையிலேயே அவர்கள் பாராட்டிய ஒரே வேலை அதுதான்.

சாயங்காலம் கிளம்பும்போது டைப் அடிக்கும் அம்மா கதவோரம் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவும் இல்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு வந்தாரே போட்டோ புடிக்க, அந்த சீனர் கடையில பிலிம் இருந்தாலும் இருக்கும்லா. நான் வேணும்னா கூட வரேன்."

"நீங்க எதுக்கு?" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். யாராவது கூட வர மாட்டார்களா என்றுதான் எனக்கும் இருந்தது. வாயில் வந்தது வேறு.

லீவு நாளில் தனியாகப் பஸ் ஏறிச் சுங்கை பட்டாணிக்குப் போனேன். கடை திறந்திருந்தது. முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். தோட்டக்காரர்களோடு பழகிப் பழகித் தமிழும் மலாயுமாகப் பேசுவார். "வாங்க அண்ணே, டூடோக் லா" என்று நாற்காலியைத் தள்ளினார். எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உறை உறையாகப் பிலிம் சுருள். இரண்டு வருஷம் வைத்திருப்பாராம், அதற்கு மேல் போனால் குப்பைக்குத்தான். எங்கள் தோட்டத்து உறையை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்று மேசை விளக்கைப் போட்டார்.

பிலிமில் முகத்தைக் கண்டுபிடிப்பது லேசில்லை. வெள்ளையெல்லாம் கறுப்பு, கறுப்பெல்லாம் வெள்ளை. வெள்ளைத் தலையும் கறுத்த பல்லுமாக எல்லாரும் பேய் மாதிரி இருந்தார்கள். நேரிலேயே மறந்துபோன முகத்தை இதில் எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தேன். ஐந்தாவது துண்டில் ஒரு பெண் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நின்றாள். பிள்ளையை அப்போதுதான் இறக்கிவிட்டுவிட்டு, இடுப்பை நிமிர்த்த மறந்து நிற்கும் நிலை. எங்கள் தோட்டத்தில் வேறு யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். அவள் தலைமுடி ஒன்று விடாமல் நரைத்திருந்தது. சாகும்போது அவளுக்கு நாலைந்து நரைதான். இப்போது முழுக்க வெளுத்து, கிழவியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னோடு சேர்ந்து கிழவியாகியிருக்க வேண்டியவள். இப்படித்தான் இருந்திருப்பாள். நான் ரொம்ப நேரம் பார்த்தேன். முதலாளி கடையைப் பெருக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு வந்து பிலிமை வாங்கினார். கழுவித் தருகிறேன், அடுத்த வாரம் வாங்க என்றார். சீட்டு எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"எத்தனை காப்பி அண்ணே? வீட்டுல எத்தனை பேரு?"

ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று என்றால், வேறு யாரும் இல்லையா என்பார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"மூணு போடுங்க" என்றேன். "எல்லாரும் கேப்பாங்க."

மறு வாரம் மூன்றும் வந்தன. முகம் தெளிவாக இருந்தது, முடி கறுப்பாக இருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டினேன். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மற்ற இரண்டும் கடை உறையிலேயே இருக்கின்றன. யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.